நடந்து பார்க்காத கூரை

மார்ச் 14

தம்பிக்கு,

இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருமுனை மருந்துக்கடை அம்மா எழுதுகிறார். மத்தியானம் கடைக்கு ஆள் வராத நேரம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போகிறேன். "நான் சொல்றதை அப்படியே எழுதும்மா" என்றால், "காகிதத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு பெரியவரே" என்கிறார். அதனால் ஏதாவது மேடைப்பேச்சு மாதிரி இருந்தால் அது அவர் வேலை. கோபமாக இருந்தால் அது என் வேலை.

இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். சண்டையைப் பற்றி எழுதவில்லை. காற்றைப் பற்றித்தான்.

இரண்டாம் தேதி சாயங்காலம் மகள் டிவியைப் போட்டாள். நம் சமவெளி முழுக்கப் புழுதிக் காற்று என்று காட்டினார்கள். கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு லாரி சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. ஊர்ப் பேர் ஒன்றும் எனக்குக் காதில் விழவில்லை. நாற்பது வருஷம் தகரத்தைத் தட்டின காது, உனக்குத் தெரியும். அதனால்தான் போனும் பேச முடிவதில்லை. மகள் பன்னிரண்டு நாளாகத் தங்கச்சிக்குப் போன் போடுகிறாள். மணியே அடிக்கவில்லை.

தங்கச்சி எப்படி இருக்கிறாள்? அதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து நூற்று நாற்பத்தேழு கூரை போட்டோம். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சலூன்காரர் கூரை நிற்கிறதா? பதினெட்டுத் தகரம், தெற்குப் பக்கம் ஒரு தகரத்தில் மூலை மடங்கியிருக்கும், நீ இறக்கும்போது போட்டது. பஸ் டிப்போ? சாயப்பட்டறை? மாவு மில்? அந்த மில்காரர் சம்சாரம் நம்மைக் கூரைமேல் பார்த்தால் மட்டும் தலைக்கு முக்காடு போடுவாள், இறங்கினால் எடுத்துவிடுவாள்; ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

தானியக் கிடங்கைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். கேட்கிறேன். அது நிற்கிறதா?

நான் இருக்கும் வீடு நாலாவது மாடி. இங்கே எனக்குக் கூரையே கிடையாது. மேலே இருப்பது வேறொருத்தர் வீட்டுத் தரை.

அண்ணன்

*

மார்ச் 23

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. சாலையெல்லாம் மரம் கிடப்பதால் தபால்காரர் பாதி வழி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க வீட்டுக்குக் கடுதாசி கொண்டு வந்ததா எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். எனக்கும்தான் இல்லை என்றேன்.

தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்துவிட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறாள். முதலில் எழுது என்றீர்கள், எழுதிவிட்டேன்.

நடந்தது இதுதான். நாலு மணிக்கு மேற்கே வானம் செங்கல் நிறத்தில் எழுந்து நின்றது. மழை என்று சிலர் துணி எடுக்க ஓடினார்கள். மழை இல்லை. வெறும் காற்று. இருபத்தைந்து நிமிஷம். நின்று பேசினால் பேச்சை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. எங்கள் தெருவில் ஒரு சைக்கிள் வேப்பமரத்தின் உச்சியில் மாட்டியிருந்தது, மரம் விழுந்த பிறகுதான் தெரிந்தது யாருடையது என்று. மாவு மில் இல்லை. சாயப்பட்டறை இல்லை. டிப்போவில் பாதி. சலூன் மட்டும் அப்படியே நிற்கிறது, சலூன்காரர் சின்னக் கடைக்குப் பெரிய சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

தங்கச்சி கிடங்கில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். வீதியில் போனவர்கள், வயலில் நின்றவர்கள் எல்லாரும் ஓடிவந்தார்கள். இவள் வாசலில் நின்று பெரிய கதவைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வாங்க, உள்ள வாங்க, இது எங்க அண்ணனுங்க போட்ட கூரை, ஆகாசமே விழுந்தாலும் தாங்கும்" என்று கத்திக் கூப்பிட்டிருக்கிறாள். முப்பத்தொரு பேர் உள்ளே போனார்கள். கடைசியாக ஒரு கிழவர் வந்தார், அவரை உள்ளே தள்ளிவிட்டுக் கதவை இழுக்கும்போது கூரை பிரிந்தது. தகரம் ஒன்று பறந்துவந்து விளிம்போடு அவள்மேல் இறங்கியது. மற்றவர்களுக்குக் காயம்தான்.

கிடங்கு நிற்கிறதா என்று கேட்டீர்கள். பாதி நிற்கிறது. போன பாதி என்னுடையது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன், ஊரிலும் அதைத்தான் சொன்னேன்.

நீங்கள் வர வேண்டாம். பஸ் சரியாக ஓடவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 1

தம்பிக்கு,

மருந்துக்கடை அம்மா உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் காட்டினார். கால் என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "படிம்மா" என்றேன்.

அவளுக்கு ஏழு வயதில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, எனக்குக் கால் வலிக்குது, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்பாள். தோளில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கால் எப்படி வலிக்கும்? கேட்டால், "தொங்கித் தொங்கி வலிக்குது" என்பாள். அந்தக் கால்.

நான் சொல்லப்போவது உனக்குக் கசக்கும். ஆனாலும் பெரியவன் நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

நாம் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நம்மிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர்கள்கூட அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். கூரையின் இரண்டு முனையிலிருந்து நீயும் நானும் ஆரம்பிப்போம், நடுவில் சந்திப்போம். தகரம் சூடு ஆறினதும் செருப்பைக் கழற்றிவிட்டு உன் பாதியில் நான் நடப்பேன், என் பாதியில் நீ நடப்பாய். தன் வேலை தன் காலுக்குத் தெரியாது, அடுத்தவன் காலுக்குத்தான் தெரியும். தகரத்தைத் துளைத்துச் சட்டத்தோடு முடுக்குகிற கொக்கி சரியாக இறங்கியிருந்தால், மிதிக்கும்போது தகரம் பேசாது. கொக்கி விட்டுப்போனது லேசாகச் சிணுங்கும். ஏன் அந்த வழக்கம் வந்தது? சலூன் கூரையில் நீ சுத்தியலைத் தகரத்துக்கு அடியில் மறந்து வைத்துவிட்டாய், அது மூன்றாம் நாள் சரிந்து வந்து, சவரம் பண்ணிக்கொண்டிருந்த வாத்தியாரின் சோப்புக் கிண்ணத்தில் விழுந்தது. அவர் பாதி மீசையோடு தெருவில் ஓடினார். அன்றிலிருந்துதான் மாற்று நடை.

கிடங்கில் மட்டும் நாம் நடக்கவில்லை. ஏன்?

அன்று காலையில் அந்த இன்ஜினியர் வரைபடத்தை என் கையில் கொடுத்தார். நான் விரித்துப் பிடித்தேன். எழுத்து எனக்கு மேலும் ஒன்றுதான் கீழும் ஒன்றுதான். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். நீ காதருகே வந்து சொல்லியிருக்கலாம். திருப்பி வைத்திருக்கலாம். நீ என்ன சொன்னாய்? "எங்க அண்ணன் ஆகாசத்துல இருந்து பார்க்கிறாரு சார், அவருக்கு அப்படித்தான் தெரியும்." இன்ஜினியர் சிரித்தார். கிடங்கு மேனேஜர் சிரித்தார். தகரம் இறக்க வந்த ஆறு பேரும் சிரித்தார்கள். டீ கொண்டு வந்தவர், என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

அன்று நான் உன்னோடு பேசவில்லை. நடுவுக்கு வந்ததும் இறங்கிப் போய்விட்டேன். நான் உன் பாதியில் நடந்திருந்தால் உன் கொக்கி எது சரியில்லை என்று என் கால் சொல்லியிருக்கும். நடக்க விடாமல் செய்தது உன் வாய். விளையாட்டாகப் பேசுகிறவன் வேலையையும் விளையாட்டாகத்தான் செய்திருப்பான் என்று நான் அன்றே நினைத்தேன்.

"இவ்வளவு காரம் வேணுமா பெரியவரே, அவரும் வயசானவர்தானே" என்கிறார் இந்த அம்மா. எழுதும்மா என்றேன்.

தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவளுக்கு வேண்டிய மருந்தெல்லாம் இந்த அம்மாவிடம் கேட்டு அனுப்புகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. சிரித்தவர்களில் ஒருவரை விட்டுவிட்டீர்கள். நானும் சிரித்தேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று. அந்தப் பேச்சு என் வாயை விட்டுப் போன அடுத்த நொடியே அதைப் பிடித்துத் திருப்பி உள்ளே போட்டுக்கொள்ள முடிந்தால் போட்டிருப்பேன். உங்கள் காது சிவந்ததைப் பார்த்தேன். மத்தியானம் உங்கள் பக்கமாக வந்து, "அண்ணே, டீ ஆறுது" என்றேன். நீங்கள் திரும்பவில்லை. சரி, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தச் சாயங்காலம் இன்னும் வரவில்லை.

இங்கே சமவெளி முழுக்க வீடுகள் மொட்டையாக நிற்கின்றன. மழை மே கடைசியில். தினமும் வாசலில் நாலு பேர் வந்து நிற்கிறார்கள். "நீங்க ஏறி நின்னா போதும், நாங்க தூக்கிக் கொடுக்கிறோம்." நான் ஏறுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். அறுபத்தெட்டு வயதில் ஏணி ஏற முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடியும். ஏறுவதில்லை.

கிடங்குக்கு வெளியூர்க் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். இடுப்பில் பெல்ட்டும் கையில் மிஷினுமாக மூன்றே நாளில் முழுக் கூரையும் மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். யாரும் யார் பாதியிலும் நடக்கவில்லை. தங்கச்சி ஜன்னல் வழியாக அந்த மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டிலும் சமையலறைக் கூரை போய்விட்டது. தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். நான் போடுகிறேன் என்று சொன்னால், "இப்ப வேணாம்" என்கிறாள். என் வேலையை அவள் நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

மருந்து வேண்டாம். இங்கே கிடைக்கிறது.

தம்பி

*

ஏப்ரல் 21

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தையும் விடாதே. விட்டால் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

போன வாரம் மருந்துக்கடை அம்மா மாத்திரை மடிக்கப் பழைய செய்தித்தாள் எடுத்தார். "பெரியவரே, உங்க ஊர்ப் பக்கம் போல இருக்கே, புயல் படம்" என்று விரித்துக் காட்டினார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப்போனார். வேண்டாம் என்று கை காட்டினேன். எனக்கு எழுத்துதான் தெரியாது. கூரை தெரியும்.

கிடங்கு. படம் பிடித்தவன் எதிர்த்த மேட்டிலிருந்து பிடித்திருக்கிறான். தண்ணீர்த் தொட்டி ஒரு முனையில் நிற்கிறது. அந்தத் தொட்டிமேல் ஏறி நின்றுதான் நான் என் முதல் தகரத்தை வாங்கினேன். தொட்டி முனை என்னுடையது, லாரி வாசல் முனை உன்னுடையது. படத்தில் லாரி வாசலிலிருந்து நடு வரைக்கும் தகரம் முழுசாக இருக்கிறது. விரல் வைத்து எண்ணினேன். இருபத்து நாலு வரிசை. ஒன்று குறையவில்லை. நடுவில் தொடங்கித் தொட்டிப் பக்கமாக எலும்பு தெரிகிறது. வெறும் சட்டம்.

போனது உன் பாதி இல்லை. என் பாதி.

தாளை மடித்துக் கொடுத்துவிட்டு மாடி ஏறிப் போனேன். ஐந்து நாள் கீழே இறங்கவில்லை. மகள், உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது நான் சொல்வதைக் கேள். அன்று நான் கோபத்தில் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தேன். இருபத்தோராவது வரிசை முடிந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நீ இன்னும் நாலு வரிசை தள்ளி இருந்தாய். நடுவில் உன்னைச் சந்தித்தால் நீ ஏதாவது சொல்வாய். நான் பதில் சொல்ல வேண்டும். அல்லது நீ வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு, "வாங்கண்ணே, மாத்திக்கலாம்" என்பாய். எனக்கு அது வேண்டாம். நீ வருவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று இருந்தது. கடைசி மூன்று வரிசைக்கும் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி மட்டும் போட்டேன். நடுச்சட்டங்களில் ஒன்றும் போடவில்லை. துளைகூடப் போடவில்லை. துளை இல்லாத இடத்தில் ஒழுகாது. அதனால் இருபத்திரண்டு மழைக்காலம் அந்தக் கூரை வாயைத் திறக்கவே இல்லை.

மறந்துபோய் இப்போது நினைவு வந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். மில்காரர் சம்சாரத்தின் முக்காடு நினைவிருக்கிறவனுக்கு இது மறக்குமா? முதல் கடிதத்தில் கிடங்கு நிற்கிறதா என்று கேட்டேனே, அது இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதை எழுதணுமா?" என்கிறார். எழுத வேண்டும்.

போன பாதி உன்னுடையது என்று நீ எழுதியதைக் கேட்டபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. என் மூன்று வரிசை தாங்கிவிட்டது, நான் தப்பித்தேன் என்று. அவளுக்குக் கால் போன சேதி கேட்ட அதே ஸ்டூலில், அதே நிமிஷத்தில். அந்த நிம்மதியில்தான் உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். பெரியவன் நான் சொல்லாவிட்டால் யார் சொல்வது என்றேனே, அதைத் திருப்பி வாங்க வழி இருந்தால் சொல்.

எனக்காக நீ பழியை வாங்கிக்கொண்டாய். அது வேண்டாம். தங்கச்சியிடம் சொல், உன் கால் போனது பெரியவனால் என்று. நீ ஏணியில் ஏறு. மழைக்குள் எத்தனை வீடு முடியுமோ அத்தனை வீடு போடு. உன் வேலை நின்றது, தம்பி. இருபத்து நாலு வரிசையும் நின்றது. நானே எண்ணினேன்.

அண்ணன்

*

மே 2

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி ஒரு வார்த்தை விடாமல் தங்கச்சிக்குப் படித்தேன். அதற்கு முன்பு அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லிவிட்டுத்தான் படித்தேன். உங்களுக்கும் அதை எழுதுகிறேன்.

உங்களுக்காக நான் பழியை வாங்கிக்கொள்ளவில்லை. அவ்வளவு நல்லவன் இல்லை நான்.

அன்று நீங்கள் இறங்கிப் போனதும் நான் நடுவுக்கு வந்து சேர்ந்தேன். வெளிச்சம் இருந்தது. உங்கள் கடைசி மூன்று வரிசையைப் பார்த்தேன். நடக்கவே தேவையில்லை, கண்ணாலேயே தெரிந்தது. பொத்தான் போடாத சட்டை மாதிரி இருந்தது. என் பையில் கொக்கி இருந்தது. கால் மணி நேர வேலை. துளை போட்டு முடுக்கிவிட்டு இறங்கியிருக்கலாம்.

நான் செய்யவில்லை. "வரட்டும், நாளைக்கு அவரே வந்து போடட்டும், அப்போ பேசித்தானே ஆகணும்" என்று நினைத்தேன். உங்களை வரவைக்க என்னிடம் அந்த மூன்று வரிசைதான் இருந்தது. மறுநாள் நீங்கள் வரவில்லை. மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்றார்கள். அதன்பிறகு கோபம். அவர் விட்டதை நான் ஏன் போட வேண்டும் என்று. பிறகு ஏணியை எடுத்துவிட்டார்கள். பிறகு வருஷங்கள். ஒவ்வொரு தடவை காற்றடிக்கும்போதும் கிடங்குப் பக்கம் போய் அண்ணாந்து பார்ப்பேன். நிற்கிறது என்று திரும்பி வருவேன். கடைசிப் பத்து வருஷம் பார்க்கக்கூட இல்லை.

நீங்கள் விட்டது கோபத்தில், ஒரு சாயங்காலம். நான் விட்டது தெரிந்தே, இருபத்திரண்டு வருஷம். போன பாதி என்னுடையது என்று நான் எழுதியது பொய் இல்லை.

புயல் முடிந்த ஐந்தாம் நாள் கிணற்றுமேட்டு வயல்காரர் மூன்று தகரத்தை வண்டியில் கொண்டுவந்து போட்டார். "துளையைப் பார்த்தே யார் வேலைன்னு சொல்வீங்களே, இது யாருது?" என்றார். இரண்டு முனையிலும் துளை, நடுவில் மொழுமொழுவென்று ஒன்றுமில்லை. தெரியவில்லை என்று சொல்லி வாங்கி, என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இதையெல்லாம் சொல்லி, உங்கள் கடிதத்தையும் படித்து முடித்தேன். தங்கச்சி, "முடிஞ்சுதா?" என்றாள். முடிந்தது என்றேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே அந்தக் கட்டிலுக்கு அடியில பார்த்துட்டேன். நான் முப்பது வருஷமா மூட்டை தைக்கிறவ. விட்டுப்போன தையல் எனக்குத் தெரியாதா? யாரு முதல்ல வாயைத் திறக்கிறீங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு கிழவனுங்களுக்கு அறுபது நாள் ஆச்சு."

நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். "அதை வச்சு நான் என்ன பண்ணட்டும்? நிக்கிறதுக்கு ஆகுமா?" என்றாள். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். காலுக்காக அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "முப்பத்தொரு பேரை நான்தானே கூப்பிட்டேன். எங்க அண்ணனுங்க போட்டதுன்னு சொல்லித்தானே கூப்பிட்டேன்" என்றாள். அதற்கு ஒரு பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டுச் சொன்னது இது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நானும் ஒரு வார்த்தை விடவில்லை.

"என் சமையல்கட்டுக்கு ஆறு தகரம் வேணும். அந்த மூணு தகரத்தையும் தட்டி நிமித்தி அதுல போடுங்க. விட்ட கொக்கியைப் போட்டு முடிங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல வாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு, ஒருத்தரா வந்தா என் வீட்டுக் கதவைத் திறக்க மாட்டேன். மாத்தி நடந்து பார்க்காத கூரைக்குக் கீழ நான் இனிமே உட்கார மாட்டேன்."

அண்ணனுக்கு எழுபத்தைந்து, ஏணி ஏறினால் தலை சுற்றும் என்றேன். "அது அவரு பாடு" என்றாள்.

தம்பி

*

மே 10

தம்பிக்கு,

இந்த அம்மா அழுதுகொண்டே எழுதுகிறார். எழுத்து கலைந்திருந்தால் அதுதான் காரணம். மருந்து வாங்க வந்த ஒருத்தரையும் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்.

தங்கச்சி கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. அவளிடம் அப்படியே சொல்.

நீ எழுதியதைக் கேட்டபிறகு யார் பெரிய குற்றவாளி என்று நாம் இரண்டு பேரும் எடைபோட்டுப் பார்க்கலாம். ஒரு கடிதம் முழுக்க எழுதலாம். அதற்குள் மழை வந்துவிடும்.

தங்கச்சியின் சமையல்கட்டுக் கூரை எனக்கு நினைவிருக்கிறது. உயரம் குறைவு. வாசலில் நுழையும்போதெல்லாம் நெற்றியில் இடித்துக்கொள்வேன், "அண்ணா, கதவு உன்னை அடிக்கலை, நீதான் கதவை அடிச்சே" என்பாள். சரிவின் கீழ்முனைக்கு ஒரு ஸ்டூல் போட்டால் போதும், மேல்முனைக்கு ஏணியில் மூன்று படி. மூன்று படி நான் ஏறுவேன். மகள் கூடாது என்கிறாள். டாக்டரும் கூடாது என்பார், அவரிடம் கேட்கப்போவதில்லை. காலால் நடக்க முடியாது. உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறேன். உன் மூன்று தகரத்திலும் ஒவ்வொரு கொக்கியாக. நீ என் மூன்றிலும் பார். சிணுங்குகிறதா என்று எனக்குக் காது கேட்காது. கைக்குத் தெரியும்.

அந்த மூன்று தகரத்திலும் துளையை நான்தான் போடுவேன். நீ போட்டுவைத்துவிடாதே. தட்டி நிமிர்த்துவதையும் நான் வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். மரச்சுத்தியால்தான் தட்ட வேண்டும், இரும்பால் தட்டினால் தகரம் நெளிந்துவிடும். உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கொக்கி பத்து அதிகமாக வாங்கு. என் கை நடுங்குகிறது, சிலது கீழே விழும். பொறுக்கிக் கொடு.

கொக்கியைப் போட்டால் கால் வராது. அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துதான் சொல்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ். நிறுத்தத்தில் வந்து நில். அவள் வீட்டுக்கு எனக்கு வழி தெரியும், ஆனால் ஒருத்தராக வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்றிருக்கிறாள்.

ஆறு தகரத்துக்கு வரைபடம் எதற்கு? ஆனால் உன்னை எனக்குத் தெரியும், எங்கேயாவது ஒரு காகிதத்தில் கோடு போட்டு வைத்திருப்பாய். அதை என் கையில் கொடு. எந்தப் பக்கம் மேலே என்று உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன்